ஆய்வு நாளுக்கு முன் வெள்ளையடித்தால் போதுமா?

தனியார் மருத்துவமனைகள் என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்குத் தயாராகின்றன, அரசு மருத்துவமனைகள் என்.க்யூ.ஏ.எஸ். தரச் சான்றுக்குத் தயாராகின்றன. இரண்டிலுமே நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி தொற்றுத் தடுப்பு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் உள்நோயாளிகள் 100 பேரில் சுமார் 15 பேருக்கு மருத்துவமனையிலேயே ஏதாவது ஒரு தொற்று வருகிறது, பணக்கார நாடுகளில் 7 பேருக்கு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. தவறான நம்பிக்கைகள் அதிகம் புழங்குவதும் இந்தப் பகுதியைச் சுற்றித்தான்.

நம்பிக்கை: ஃபைல்கள் பக்காவாக இருந்தால் சான்று வந்துவிடும். ஒரு கன்சல்டன்டைப் பிடித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடலாம்.

உண்மை: ஆய்வாளர்கள் ஃபைலைப் பார்த்துவிட்டு நேராக வார்டுக்கு வருவார்கள். அங்கே துடைப்பத்தோடு நிற்கும் அம்மாவிடம், "தரையில் ரத்தம் சிந்தினால் என்னம்மா செய்வீங்க?" என்று கேட்பார்கள். கையுறை போட்டு, ரத்தத்தின் மேல் உறிஞ்சும் துணியோ காகிதமோ போட்டு, 1 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஊற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது காத்திருந்து துடைக்க வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும், செய்தும் காட்ட வேண்டும். வாங்கிய கேனில் இருப்பது 5 சதவீத ஹைப்போ என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். 10 சதவீதம் என்றால் ஒன்பது பங்கு. கலந்து வைத்தது மறுநாளுக்கு ஆகாது. வெளிச்சமும் வெப்பமும் பட்டு அதன் வீரியம் குறைந்துவிடும்.

இதெல்லாம் கையேட்டில் இருக்கும். ஆனால் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அது நிர்வாக அலுவலர் அறை அலமாரியில் பூட்டியிருக்கிறது. கலக்க வேண்டியவரோ தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர். ஒப்பந்த நிறுவனம் அவரைப் போன மாதம்தான் அனுப்பியிருக்கும். தயாரிப்பு தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஹைப்போ கலக்கும் இடத்தில், அளவுக் குவளைக்கு மேலே, பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் பயிற்சி கொடுங்கள்.

கால அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஊசி குத்தும் ஆபத்துள்ள ஊழியர் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். முதல் ஊசி இன்று என்றால் இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அதற்கும் ஒன்றிரண்டு மாதம் தள்ளி. குப்பைப் பையில் கிடக்கும் ஊசி முதலில் குத்துவது துப்புரவுப் பணியாளரைத்தான்; அவரை "ஒப்பந்தக்காரர் பொறுப்பு" என்று ஒதுக்குவது அநியாயம்.

நம்பிக்கை: தொற்று விகிதம் பூஜ்யம் என்று காட்டினால் நல்ல பெயர் கிடைக்கும்.

உண்மை: அனுபவமுள்ள ஆய்வாளருக்கு அந்தப் பூஜ்யம்தான் முதல் சந்தேகத்தைத் தரும். கல்ச்சருக்கு எத்தனை மாதிரி அனுப்பினீர்கள், சிறுநீர்க் குழாய் பொருத்திய நாட்களை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்பார். விகிதத்தை ஆயிரம் குழாய் நாட்களுக்கு இத்தனை தொற்று என்றுதான் கணக்கிடுகிறோம். நாட்களை எண்ணாத இடத்தில் விகிதம் எப்படி வரும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து செய்த வேலையை இதற்குச் சொல்லலாம். 2006-இல் வெளியான முடிவுகளின்படி, மைய ரத்தக்குழாய் வழித் தொற்று ஆயிரம் குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 என்றிருந்தது ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. அவர்கள் செய்தவை ஐந்து: கை கழுவுதல், முழு உடல் மறைப்போடு குழாய் போடுதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல். 7.7 என்று வெட்கப்படாமல் எழுதியதால்தான் அதைக் குறைக்க முடிந்தது. உங்கள் மருத்துவமனையில் தொற்றைப் பதிவு செய்யும் சிஸ்டருக்கு மெமோ கிடைக்கிறதா, நன்றி கிடைக்கிறதா என்று பாருங்கள். மெமோ என்றால், அடுத்த மாதப் பதிவேடு காலியாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை: வாராவாரம் ஆபரேஷன் தியேட்டரில் ஃபார்மலின் புகை போட்டு, ஸ்வாப் எடுத்து அனுப்பினால் கவலையில்லை.

உண்மை: ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அழுக்கும் ரத்தக் கறையும் ஒட்டியிருக்கும் பரப்பைப் புகை சுத்தமாக்காது. ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் பிறகு மேசை, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் கையால் துடைத்தெடுப்பதும், காற்று வடிகட்டி ஒழுங்காக இயங்குவதும், உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருப்பதும்தான் பாதுகாப்பு. வழக்கமாக ஸ்வாப் எடுப்பதும் தேவையில்லை. தொற்று கூட்டமாகப் பரவும்போது மூலத்தைத் தேடுவதற்கு அது உதவும்.

நம்பிக்கை: ஆட்டோகிளேவ் டேப் கறுத்துவிட்டால் கருவிகள் கிருமி நீங்கியவை.

உண்மை: பொட்டலம் சூட்டைக் கண்டது என்று மட்டுமே டேப் சொல்கிறது. நீராவி உள்ளே போனதா என்பதற்குப் பொட்டலத்துக்குள் ரசாயனக் காட்டி வைக்க வேண்டும். கிருமி செத்ததா என்பதற்கு வாரம் ஒருமுறையாவது ஸ்போர் சோதனை வேண்டும். உடலுக்குள் பொருத்தும் கருவிகள் என்றால் ஒவ்வொரு லோடுக்கும்.

நம்பிக்கை: கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம்.

உண்மை: கழற்றும்போதே கையில் கிருமி ஒட்டும்; கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் இருக்கலாம். ஹேண்ட் ரப் தேய்க்க 20 முதல் 30 விநாடி போதும். அந்த பாட்டில் கட்டிலருகே இருக்க வேண்டும். திருடு போகும் என்று ஸ்டோரில் பூட்டி வைத்தால் யாரும் தேய்க்கப் போவதில்லை.

நம்பிக்கை: இதெல்லாம் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

உண்மை: பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கிறதா? 250 படுக்கைக்கு முழுநேரப் பணியாளர் ஒருவராவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறைந்தபட்ச அளவு. பல இடங்களில் அவரே ஆள் குறைந்த வார்டுக்கு டியூட்டி போகிறார், மருந்து இருப்பும் பார்க்கிறார். கை கழுவாத மூத்த மருத்துவரைத் தடுத்து நிறுத்தவும் அவருக்கு அதிகாரமில்லை. நிர்வாகிகளே, ஆய்வுக்குத் தேதி கேட்பதற்கு முன் அவரை மற்ற வேலைகளிலிருந்து விடுவியுங்கள். அவர் சொன்னால் தலைமை மருத்துவரும் கேட்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அறிவியுங்கள்.