சோடா மிஷினுக்கு எத்தனை ரூபாய்ப் பெயின்ட்?

அன்புள்ள அம்மணிக்கு,

மாமன் எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். அப்புச்சியின் கோலி சோடா மிஷினுக்குப் பெயின்ட் அடிக்க, பழைய கார்களைப் புதுப்பிக்கிற கடைக்காரர் 42,000 ரூபாய் கேட்கிறார். பவுடர் கோட்டிங் பட்டறையில் 6,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார்கள். “ஒரே மிஷின், ஏழு மடங்கு வித்தியாசம். இதுல யாரு மாமா நம்மள ஏமாத்தறது?” என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரெண்டு பேருமே ஏமாற்றவில்லை. ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்து விலை சொல்லியிருக்கிறார்கள். “பெயின்ட் அடிக்க எவ்வளவு?” என்று மொட்டையாகக் கேட்டால் எந்தப் பட்டறையிலும் சரியான விலை வராது.

கோவை பீளமேட்டில் மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்குப் பெயின்ட் ஜாப் எடுத்துச் செய்து சம்பாதித்தவன் நான். இந்தத் தொழிலில் பெயின்டுக்கு ஆகிற செலவு சொற்பம். அவ்வளவு சின்ன மிஷினுக்கு ஒரு லிட்டர் கலர் வாங்கினாலும் மிச்சமாகும். பிரைமர், தின்னர், ஹார்டனர் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் நல்ல வேலையில் சரக்குச் செலவு கால் பங்கைத் தாண்டக் கூடாது. மீதி அத்தனையும் ஆள் கூலி. பழைய பெயின்டை எடுக்க வேண்டும், துருவை எடுக்க வேண்டும், சொட்டையைத் தட்டி நேராக்க வேண்டும். பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, காயவிட்டு, வாட்டர் பேப்பரில் 220, 320, 400 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். சர்ஃபேசர் அடித்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத பள்ளமெல்லாம் தெரியும். அதற்கு மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. தேர்ந்த பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவிப் பார்த்தே “இன்னும் ஆகல” என்று சொல்வார். ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக் கலர் அடிப்பது கடைசியில் வருகிற அரை நாள் வேலை. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போய்ப் பார், பத்துப் பேர் தேய்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒருவர்தான் கலர் அடித்துக்கொண்டிருப்பார்.

பவுடர் கோட்டிங்காரருக்கு இந்தத் தேய்ப்பு கிடையாது. ஆசிடில் முக்கிக் கழுவி, பவுடரைத் தூவி, அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடேற்றி எடுத்துவிடுவார். புதுத் தகட்டுக்கு அது நல்ல உறுதியான பூச்சு. நம் மிஷினுக்கு அது ஆகாது. பித்தளைக் குழாய் மூட்டுகளில் பழைய ஆட்கள் வைத்த ஈயப்பற்று ஏறக்குறைய 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். ரப்பர் வாஷர் கருகிப்போகும். கால்கள் வார்ப்பிரும்பு. அதன் நுண்துளைகளில் தங்கிய எண்ணெயும் காற்றும் சூட்டில் வெளியேறும்போது பூச்சில் குண்டூசிக் குத்துப்போல் புள்ளி புள்ளியாக விழும். பம்ப் பாடியில் இந்தப் புள்ளிகளுக்காகவே ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த சரக்கை நிறையப் பார்த்தவன் நான். அந்த 6,000 ரூபாய் மிஷினைக் கெடுத்துக்கொள்ள நீயே கொடுக்கிற கூலியாகிவிடும். கழற்றி எடுக்கிற தகட்டுக் கவசத்தையும் புதிதாகச் செய்கிற ஸ்டாண்டையும் மட்டும் அவர்களிடம் கொடு.

அடுத்து, மிஷினை ஓட்டப்போகிறாயா, உன் ஆர்.எஸ்.புரம் கடையில் சும்மா நிறுத்தி வைக்கப்போகிறாயா என்பதை முதலில் முடிவு செய். செலவு அதைப் பொறுத்ததுதான். இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் கோலி சோடா பாட்டில். மூடி கிடையாது, உள்ளே இருக்கிற கேஸ் அழுத்தம்தான் கோலியைக் கழுத்து ரப்பரோடு சேர்த்துப் பிடிக்கிறது. அதனால்தான் பாட்டிலைப் பெட்டியில் பூட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றித் தலைகீழாகக் கவிழ்க்கிறோம். பாட்டில் வெடித்தால் சில்லு முகத்தில் அடிக்காமல் காப்பது அந்தப் பெட்டிதான். ஓட்டுவதாக இருந்தால் முதல் செலவு வால்வுக்கும் மீட்டருக்கும் பெட்டியின் தாழ்ப்பாளுக்கும்தான், பெயின்ட் அதற்கப்புறம். தண்ணீரும் கேஸும் போகிற வழியில் ஒரு சொட்டுப் பெயின்ட் படக் கூடாது. சோடாவில் புளிப்பு உண்டு, செம்பையும் ஈயத்தையும் அரித்துக் குடிக்கிற தண்ணீரில் சேர்த்துவிடும். அந்தப் பாகங்களை எவர்சில்வரில் மாற்றிவிடு. சிலிண்டரின் நிறத்தில் கை வைக்காதே, எந்த கேஸுக்கு எந்த நிறம் என்று விதியே இருக்கிறது. கடையில் சோடா போட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ தனியாக வாங்க வேண்டும்.

உனக்கு நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இது. பழைய பெயின்டை நீயே எமரி வைத்துச் சுரண்டாதே. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் தாராளமாக இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும், வீட்டில் தவழ்கிற குழந்தையின் கையிலும் ஒட்டும். பட்டறையில் ரிமூவர் போட்டு ஈரமாக எடுக்கட்டும்.

இனி நிறம். ‘ரெட்ரோ லுக்’ வேண்டும், கோக் சிவப்பு அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சிவப்பு அமெரிக்காவின் வெண்டோ கம்பெனி 1950களில் செய்த காசு போடும் மிஷின்களுடையது. அந்த நாட்டில் அவற்றைச் சேகரிப்பவர்கள் ஒரு மிஷினைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கிறார்கள். அவர்களிலேயே விஷயம் தெரிந்தவர்கள், மங்கினாலும் கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கிற மிஷினுக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். நம் மிஷின் என்றைக்கும் சிவப்பாக இருந்ததில்லை. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போய் 1993இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட அந்த வருஷங்களில்தான் உன் அப்புச்சிக்கு அவிநாசித் தேருக்கும் கோனியம்மன் தேருக்கும் நல்ல யாவாரம். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் சோடா கம்பெனி இன்றைக்கும் நிற்கிறது. சோடாவுக்கு நாம் அமெரிக்காவிடம் சாயம் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் முன் தகட்டில் பச்சைக்கு மேலே மஞ்சளில் ‘ஐஸ் சோடா’ என்ற எழுத்து பாதி தெரிகிறது. ‘சோ’வின் கொம்பில் பிரஷ் திரும்பிய இடத்தில் பெயின்ட் தடிப்பாக நிற்கிறது. போர்டு எழுதும் கலைஞர் ஒருவர் ஸ்டென்சில் இல்லாமல் ஒரே மூச்சில் இழுத்த கோடு அது. ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்தக் கை நம் ஊரில் அருகிவிட்டது. அந்தத் தகட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது. தூசி துடைத்து, துரு பரவாமல் நிறுத்தி, மேலே மேட் கிளியர் ஒரு கோட் கொடுத்தால் போதும். அதற்கு ஆகிற செலவு கொஞ்சம்தான். அதை விட்டுவிட்டுச் சிவப்பு அடித்து ஸ்டிக்கர் ஒட்டினால், 42,000 கொடுத்து மிஷினின் மதிப்பைக் குறைத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். வேறு இடத்தில் எழுத்து வேண்டுமென்றால் கையால் எழுதுகிற ஆளைத் தேடிப் பிடி, அவர் கேட்கிற கூலியில் பேரம் பேசாதே.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கார் கடைக்காரரிடமே திரும்பப் போ, அவர் வேலை தெரிந்தவர். வார்ப்பிரும்புக் கால்களும் பெட்டியின் மற்ற பக்கங்களும் மட்டும் என்று சொல்லு. சுரண்டல், டிங்கரிங், பிரைமர், பட்டி, கலர், கிளியர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டு, ஜி.எஸ்.டி. உட்பட எழுதி வாங்கு. பித்தளையைக் கழற்றித் தனியாக பஃப் போட வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். காருக்குத் தேவைப்படுகிற கண்ணாடி ஃபினிஷ் இதற்குத் தேவையில்லை என்றால் தேய்ப்பில் பாதி குறையும், தொகையும் பாதிக்கு இறங்கும் என்பது என் கணக்கு. அதற்கும் கீழே இறங்கினால் சந்தேகப்படு, பட்டியில் கை வைப்பார்கள். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்கு, பிரைமர் அடித்ததை நேரில் பார்த்தபின் இன்னொரு பங்கு, மீதி டெலிவரியில். கலர் அடிப்பதற்கு முன்னால் ஒரு போன் போடு, நான் பஸ் ஏறி வந்து தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாமா