வாத்சல்யம்: வந்தவரை நம்மவராக்கும் அங்கம்

நற்காட்சிக்கு அங்கங்கள் எட்டு என்பதை நம் சிறுவரும் அறிவர். அவற்றுள் ஆறாவது நிலைநிறுத்தல். ஏழாவது வாத்சல்யம், கன்றினிடத்துப் பசு கொள்ளும் அன்பை அறவழி நிற்போரிடத்துக் கொள்ளுதல். இவ்விரண்டையும் நம் இல்லக் கூட்டங்களில் காக்கின்றோமா என்பதே இப்பாடம்.

இராசபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில் 1970ஆம் ஆண்டு சிமெண்டு ஆலை தொடங்கப்பெற்றபின், பணியின் பொருட்டுப் பல ஊராரும் அங்குக் குடியேறினர். நாம் அங்கு வாழ்ந்த நாளில் நம்மவர் இல்லங்கள் மிகச் சிலவே. ஓராண்டு மகாவீரர் ஜயந்தியன்று யாவரும் ஓர் இல்லத்தில் கூடினோம். பிற சமயக் குடும்பத்திலிருந்து மணமாகி வந்த இளம்பெண் ஒருத்தி, கணவருடன் விளக்கேற்றிய பின்னரே வந்து சேர்ந்தாள். பசியோடு, "பந்தி எப்போது?" என்றாள். "ஆந்தைக்குத் தனிப்பந்தி உண்டம்மா" என்றார் ஒரு பெரியவர். இரவில் உண்போர் ஆந்தையாய்ப் பிறப்பர் என்னும் பாட்டிமார் கதையை அறிந்த நாமனைவரும் சிரித்தோம். அறியாத அவள் தலைகவிழ்ந்தாள். மறு ஆண்டு அவள் கணவர் மட்டுமே வந்தார்.

வகுப்பிற்குப் புதிதாய் வரும் பிள்ளையை முதல் நாளே நகைப்புக்கு இடமாக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம். அதனை மறந்து நாமும் சிரித்தோம். வருந்தி, அவள் இல்லம் சென்றோம். இருளில் நுண்ணுயிர்கள் உணவில் விழுந்து மடியும். அவ்வுயிர்களைக் காக்கவே இரவுணவை நீக்கினோம் என்று விளக்கினோம். "இதை அன்றே சொல்லியிருக்கலாமே, டீச்சரம்மா" என்றாள்.

ஆறாம் அங்கத்திற்கு எடுத்துக்காட்டாகிய வாரிசேண முனிவரை எண்ணுக. புதிதாய்த் துறவேற்ற நண்பர் புட்பதாலர் இல்லாளை நினைந்து தளர்ந்தபோது, அவர் எள்ளவில்லை. அரண்மனைக்கு அழைத்துச் சென்று தாம் துறந்த செல்வத்தைக் காட்டித் தெளிவித்தார்.

ஆலங்குளத்திற்குத் தெற்கேயுள்ள கழுகுமலையும் இதனையே உணர்த்துகிறது. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அங்குச் செதுக்கப்பெற்ற திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயரும் ஊரும் உள்ளன. அருகிலுள்ள குறண்டியாரும் உளர். நெடுந்தொலைவிலுள்ள திருநறுங்கொண்டையாரும் உளர். குரத்தியர் எனப்பெற்ற பெண் ஆசிரியரும் உளர். வந்தவர் அனைவர்க்கும் ஒரே பாறையில் இடம் இருந்தது.

ஆகவே மரபைத் தளர்த்த வேண்டுவதில்லை. காரணத்தோடு கற்பிக்க வேண்டும். நகைச்சுவையையும் துறக்க வேண்டுவதில்லை. விளக்கம் முன்னும் நகைப்பு பின்னும் வரட்டும். பொருள் தெரிந்தவர் நம்மோடு சிரிப்பர். தெரியாதவர் தம்மைப் பார்த்தே சிரிப்பதாக எண்ணுவர். குலச்செருக்கு நற்காட்சிக்கு மாசு என்பதையும் மறவற்க.

அப்பெண் பின்னர் மீண்டும் வந்தாள். பல்லாண்டு கழித்துத் தன் மக்கட்கு ஆந்தைக் கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டோம். அன்று அக்கதை அவளுடையதும் ஆயிற்று.

இல்லத்தில் கூடிச் சிந்திக்க:
1. நம் வீட்டில் மட்டும் வழங்கும் கேலிச்சொற்கள் எவை? அவற்றின் பொருளைப் புதியவர்க்குச் சொன்னோமா?
2. கடந்த ஆண்டு வந்து இவ்வாண்டு வாராதவர் யார்? அவரை நாடிச் சென்றோமா?

அறம் வளர்க! அன்பு பெருகுக!