பெய்யாத நாளா, தகவல் வராத நாளா?

கேள்வி: அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி மழையளவைத் தினமும் தானாகச் சேகரிக்கும் நிரலை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடவிட்டிருக்கிறேன். எல்லா கமிட் செய்தியிலும் 'அப்டேட்' என்றே விழுகிறது. மாற்ற வேண்டுமா?
– கல்லூரி மாணவி, திருச்சுழி

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். எந்த வரி மாறியது என்பதை கிட் காட்டிவிடும். ஏன் மாறியது என்று அதற்குத் தெரியாது. ஆள் எழுதிய கமிட் என்றால் பிறகு அவரிடமே கேட்கலாம். நிரலிடம் கேட்க முடியாது. ஓடும்போதே அது சொல்லிவிட வேண்டும்.

உங்களுடையது வானம் பார்த்த பூமி, பெய்யாத நாளே அதிகம். கோப்பில் 0 இருந்தால் மழை இல்லையா, இணையதளம் திறக்கவில்லையா? மானாவாரிக் கணக்கே அதில் புரண்டுவிடும். கமிட் செய்தியின் முதல் வரியில் "நவம்பர் 12: திருச்சுழி 0 மி.மீ., காரியாபட்டி தரவு வரவில்லை" என்று நிரலே எழுதட்டும். ஒரு வரி காலி விட்டு, தரவு எடுத்த முகவரி, ஓட்டத்தின் எண். பழைய அளவைத் திருத்தியிருந்தால் முன்பிருந்த எண்ணும் காரணமும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸுக்காக கிட்டை உருவாக்கினார். அங்கே இன்றும் காரணம் சொல்லாத கமிட்டை எளிதில் ஏற்பதில்லை.

தரவு வராத நாளையும் கோப்பில் குறிக்கட்டும். அப்படியும் கோப்பு மாறாவிட்டால் கமிட்டே வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள், கிட் ஏற்கும். பிறகு 'கிட் லாக்' கட்டளையில் 'வரவில்லை' என்று தேடினால் விடுபட்ட நாட்கள் வரிசையாக வந்துவிடும்.