கண்ணுக்குத் தெரியாத வலிக்குப் பணம் திரட்டுவது எப்படி?

கையில் கட்டு இருந்தால் ஊரே விசாரிக்கும். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற முக நரம்பு வலிக்காரரை யாரும் நோயாளி என்றே எண்ணுவதில்லை. ஃபேன் காற்று கன்னத்தில் பட்டாலே ஷாக் அடித்தது போலத் துடித்துப்போவார். அடுத்த நிமிடம் முகத்தில் அடையாளமே இருக்காது. பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. மாத்திரைக்கு வலி அடங்காமல், நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சைக்குப் போகிற குடும்பங்கள் பணத்துக்குத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் எஸ்டிமேட். மருத்துவமனை லெட்டர்பேடில், கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். ஸ்கேன், ஐ.சி.யூ., அடுத்த சில மாத மாத்திரை எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளின் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையிலும் ஒருமுறை காட்டுங்கள். இதைச் செய்யாமல் யாரிடமும் கை நீட்டாதீர்கள்.

அடுத்தது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன். பணத்தைக் கட்டி முடித்துவிட்டு கார்டை நீட்டினால் பயனில்லை. பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் அப்படித்தான்: செலவானதைத் திருப்பித் தராது, சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கொடுப்பதும் ஒரு பகுதிதான். அது நேராக மருத்துவமனைக்குப் போகும்.

இதற்கு மேல் துண்டு விழுவதைத்தான் மனிதர்களிடம் கேட்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். “தாங்க முடியாத வலி, உதவுங்கள்” என்று எழுதுகிறார்கள். வலியை அளந்து காட்ட முடியாது. அந்த வலி பறித்துக்கொண்டதைக் காட்ட முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“என் அக்காவுக்கு வயது 46. மூன்று வருடமாக வலது கன்னத்தில் நரம்பு வலி. பல் துலக்க முடியவில்லை. சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறார். தையல் வேலையை விட்டுவிட்டார். மாத்திரையைக் கூட்டியும் கேட்காததால் டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார். காப்பீடு போக இவ்வளவு குறைகிறது. எஸ்டிமேட் இணைத்திருக்கிறேன்.”

அவ்வளவு போதும். அழுகிற படம் வேண்டாம். அவர் இயல்பாக இருக்கிற படத்தையே, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். “பூரண குணமாகிவிடும்” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். இந்த ஆபரேஷனில் பலருக்கு வலி விடுகிறது. சிலருக்குச் சில வருடம் கழித்துத் திரும்புகிறது. அப்படித் திரும்பினால், கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

கேட்பதும் கணக்கு வைப்பதும் ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும். நோயாளி அதைச் செய்யக் கூடாது. “நல்லாத்தானே பேசுறீங்க” என்று யாராவது சொன்னால் மனம் உடைந்துபோகும். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் சித்தப்பா, பழைய முதலாளி, பள்ளித் தோழர் என்று ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள். நான்கு பேர் கொடுத்தது தெரிந்தால்தான் குரூப்பில் ஐந்தாவது ஆள் அசைவார். மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் போட்டால் கட்டணம் எவ்வளவு, பணம் மருத்துவமனைக் கணக்குக்கே போகுமா என்று முதலிலேயே கேளுங்கள். சொந்தக் கணக்கில் வாங்கினால் அதற்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். உறவினர் அல்லாதவர்கள் தருவது ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கேள்வி வரும், ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வைத்தும் திரட்டலாம். ஆனால் அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். மீட்டர் வட்டிக்காரர் வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் பில்லைப் படம் எடுத்து, பணம் கொடுத்தவர் எல்லோருக்கும் அனுப்புங்கள். மிச்சப் பணத்தை உடனே வேறு செலவுக்கு எடுக்க வேண்டாம். இந்த வலிக்குத் தரும் கார்பமாசிபின் மாத்திரையை ஆபரேஷன் முடிந்த கையோடு நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை மாத்திரைக்கும் செக்கப்புக்கும் அந்தப் பணம் தேவைப்படும்.