பாரந்தூக்கியும் அதன் நிலைபேறும்

திருப்பூர் நகரில் பனியன் கம்பெனி இல்லாத தெருவைக் காண்டல் அரிது. நூல் வருகின்றது, பின்னல் இயந்திரத்தில் துணியாகின்றது, சாயமேறுகின்றது, வெட்டு மேசையிலும் தையற்பொறியிலும் உருப்பெற்று, தேய்த்து மடிக்கப்பெற்று, அட்டைப் பெட்டியில் அடைபடுகின்றது. இத்தொழிலின் ஒவ்வொரு படியையும் நம் மாணவருட் பலர் தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தவர். ஆயின் அப்பெட்டி ஊரைவிட்டுச் சென்றபின் யாதாகின்றது என்று வினவின், "தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறுகின்றது" என்ற அளவில் விடை நின்றுவிடும். கப்பலேறுகின்றது என்னும் அவ்வொரு சொல்லுள் அடங்கிய விந்தையையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி வெறும் வேடிக்கைக்காக அன்று. குறித்த கப்பல் தவறின், சரக்கை வானூர்தியில் அனுப்ப நேரும். அவ்வாடகை பெரும்பாலும் ஏற்றுமதி செய்வார் தலையிலேயே விழும். அதன் சுமை ஈற்றில் சனிக்கிழமைக் கூலியை எதிர்நோக்கியிருக்கும் இல்லங்களையும் எட்டும். ஆதலின் சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால், கடலோரத்தில் நிற்கும் ஓர் இரும்புச் சட்டம் நம்மூர் அடுப்போடு தொடர்புடையதென்பதை மறத்தலாகாது.

முன்னாளைய நிலை

தூத்துக்குடியின் பழைய துறை ஆழமற்றது. கப்பல்கள் கரையினின்று சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதி முதலியவற்றைத் தோணிகளில் ஏற்றிச் சென்று, கப்பலின் சிறு தூக்கிகளாலும் மனிதர் தோள்வலியாலும் மேலேற்றுவர். சென்னையிலோ துறைமுகம் அமையுமுன் மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து பண்டங்களைச் சுமந்தன. ஒரு கப்பலை நிரப்பப் பல நாட்கள் கழியும். பொதி நனைதலும் சிதைதலும் உண்டு.

இந்நிலையை மாற்றியது இருப்புப் பெட்டகம். பண்டங்களை ஒரே அளவுள்ள பெட்டகத்தில் அடைத்து, லாரியினின்று கப்பலுக்கு அப்படியே பெயர்க்கும் முறை சென்ற நூற்றாண்டின் நடுவில் தோன்றிற்று. அதற்கெனத் தனியே வகுத்த முதற் கரைப் பாரந்தூக்கி 1959-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் அலமீடாவில் நிறுவப்பெற்றது. சென்னைத் துறைமுகத்தின் பெட்டக முனையம் 1983-இல் திறக்கப்பெற்றது. தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 1999-இல் பெட்டகங்களுக்கெனத் தனி முனையமும் பெற்றது; 2011 முதல் அது வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஏற்றம் கற்பிக்கும் பாடம்

பாரந்தூக்கியின் தத்துவத்தை அறிய நாம் வெளிநாட்டு நூல்களை நாடவேண்டுவதில்லை. நம் தோட்டத்துக் கிணற்றடியே போதும். கொங்குநாட்டில் எருதுகள் சரிவில் இறங்கக் கவலை இறைத்ததைப் பெரியோர் கண்டிருப்பர். கிணற்றின் மேல் நிற்கும் உருளை, எருதின் கீழ்நோக்கிய இழுப்பைச் சாலின் மேல்நோக்கிய எழுச்சியாக மாற்றுகின்றது. இது தூக்குதல். பிறவிடங்களில் வழங்கிய துலா ஏற்றமோ மற்றொன்றைக் கற்பிக்கின்றது. நட்ட கால்மீது நெடிய மரம் கிடக்கும். ஒரு முனையில் நீர்ச்சால். மறுபுறத்தில் ஓர் ஆள் முன்னும் பின்னும் நடப்பான். அவன் அச்சினின்று விலகி நடக்குந்தோறும் அவன் எடையின் ஆற்றல் மிகும். எடை மாறவில்லை, தொலைவே மாறிற்று. எடையையும் தொலைவையும் பெருக்கி வருவதைத் திருப்புதிறன் என்பர். இருபுறத் திருப்புதிறனும் ஒத்துநிற்றலே சமநிலை.

இனி, கரைப் பாரந்தூக்கியைக் காண்போம். கப்பல்மேடையின் ஓரத்தில் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மீது நான்கு நெடுங்கால்கள். கால்களை இணைக்கும் சட்டத்தின் மேலே, கடலை நோக்கி நீண்ட கை போன்ற ஓர் உத்தரம். அதனைக் கோபுர உச்சியினின்று இழுகம்பிகள் தாங்கும். உத்தரத்தின் அடியில் ஓர் ஓடுவண்டி, கடலுக்கும் கரைக்குமாகச் செல்லும். அவ்வண்டியினின்று வடங்களில் தொங்கும் சட்டம் பெட்டகத்தின் நான்கு மூலைகளையும் பற்றிக்கொள்ளும். கப்பல் இல்லாதபோதும் புயலின்போதும் உத்தரத்தை மேல்நோக்கி மடக்கி நிறுத்துவர்.

ஓர் எளிய கணக்கு

மாணவர் தெளிவுபெறும் பொருட்டு, எண்களை எளிமையாக்கி ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். பெட்டகம் 30 டன். பற்றுச் சட்டம் 10 டன். ஓடுவண்டி 20 டன். ஆக 60 டன். அது கடற்புறத் தண்டவாளத்தினின்று 40 மீட்டர் அப்பால் நிற்கின்றது. திருப்புதிறன் 2,400 டன்-மீட்டர். உத்தரத்தின் எடை 150 டன், அதன் ஈர்ப்பு மையம் 25 மீட்டர் அப்பால் உள்ளது எனின் அதன் திருப்புதிறன் 3,750. கவிழ்க்க முயல்வது மொத்தம் 6,150. மறுபுறத்தில், எஞ்சிய சட்டம் 750 டன். அதன் மையம் தண்டவாளத்தினின்று கரைநோக்கி 15 மீட்டர். தாங்கி நிற்பது 11,250. ஆகவே பாரந்தூக்கி கவிழாது நிற்கும்.

இக்கணக்கில் வியக்கத்தக்க உண்மையொன்று மறைந்துள்ளது. பாரந்தூக்கி சுமப்பதிற் பெரும்பகுதி தன்னுடம்பையே. பனியன் இலேசான பண்டம். பெட்டகத்தில் இடம் நிரம்புமேயன்றி எடை நிரம்பாது. 30 டன்னுக்குப் பதிலாக 12 டன் பெட்டகமே தொங்குவதாகக் கொண்டாலும், கவிழ்க்கும் திறன் 6,150-இனின்று 5,430 ஆகும். அஃதாவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே குறையும்.

அங்ஙனமாயின் இலேசான பண்டத்துக்கு இத்துணைப் பெரிய கருவி எற்றுக்கு என்று வினவலாம். அதன் அளவை வகுப்பது பண்டமன்று, கப்பலின் அகலம். 1914-இல் திறந்த பனாமாக் கால்வாயின் பழைய மதகுகள் சுமார் 32 மீட்டர் அகலமுள்ள கப்பல்களையே ஏற்றன. அவற்றின் மேற்றளத்தில் 13 பெட்டகங்கள் வரிசையாக நிற்கும். இந்நாளைய மாபெருங் கப்பல்களோ 60 மீட்டர் அகலத்தை எட்டி, 24 பெட்டகங்களை ஒரே வரிசையிற் சுமக்கின்றன. கடைசி வரிசையை எட்டாத தூக்கி பயனற்றது. கையின் நீளம் மிக, அதன் எடையும் மிகும். தாங்கும் கால்களும் பருக்கும். கால் நிற்கும் மேடையையும் வலுப்படுத்தவேண்டும். மாபெருங் கப்பல் அணையும் துறைகள் சிலவே. ஆதலினால் தூத்துக்குடியில் ஏறும் பெட்டகங்களிற் பல சிறு கப்பலிற் கொழும்புக்குச் சென்று, ஆங்கே பெருங்கப்பலுக்கு மாறுகின்றன. நம்மூர்ப் பெட்டி ஒன்று, கடல் கடக்குமுன் பன்முறை அந்தரத்தில் தொங்கி இறங்குகின்றது.

காற்று என்னும் பகை

நிற்க. அமைதியான நாளின் கணக்கே மேலே கூறியது. பாரந்தூக்கியின் உண்மைப் பகை தொங்கும் சுமையன்று, காற்றே. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தம். வேகம் இருமடங்காகி 144 ஆயின் அழுத்தம் நான்கு மடங்காகி 100 ஆகும். காற்றுத் தாக்கும் பரப்பு 600 சதுர மீட்டர் எனின், 60 டன் விசை பக்கவாட்டில் தள்ளும். அது 35 மீட்டர் உயரத்தில் தாக்குவதாகக் கொண்டால் 2,100 டன்-மீட்டர். சட்டங்களின் வடிவம் நோக்கின் இதனினும் மிகும். சுமையை இறக்கிவிட்டுப் பணியை நிறுத்தலாம். காற்றை நிறுத்த இயலுமோ?

இதற்குச் சான்று நம் கரையிலேயே உண்டு. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை எழுப்பிய காலத்தில், கற்காரைக் கட்டிகளை அடுக்க 'டைட்டன்' என்னும் பெரும் பாரந்தூக்கிகளைச் சுவரின்மீதே நிறுத்தியிருந்தனர். 1881 நவம்பரில் வீசிய புயல் சுவரின் பெரும்பகுதியைச் சிதைத்தது. இரண்டு டைட்டன் தூக்கிகளும் அழிந்தன. பின்னாளில், 2003 செப்டம்பரில், கொரியாவின் பூசான் துறைமுகத்தில் 'மேமி' என்னும் சூறாவளி பத்துக்கு மேற்பட்ட பெட்டகத் தூக்கிகளை வீழ்த்தியது. அறிவு வளர்ந்த பின்னும் காற்று தளரவில்லை. ஆதலின் இக்காலத்தில் சக்கரங்களுக்குப் பூட்டும், மேடையிற் பதித்த குழிகளிற் செருகும் முளைகளும், கால்களை நிலத்தோடு பிணைக்கும் கட்டுகளும் அமைக்கின்றனர். காற்றின் வேகங்கண்டு எச்சரிக்கும் கருவியும் உச்சியில் உண்டு.

இரும்பின் களைப்பு

மற்றொரு பகை கண்ணுக்குத் தெரியாதது. பின்னல் இயந்திரத்தின் ஊசி பெருஞ்சுமை எதனையும் தாங்குவதில்லை. எனினும் ஓயாது ஏறி இறங்கி, ஒருநாள் அதன் கொக்கி முறிந்து, துணியில் ஓட்டை விழுவதைத் தொழிலாளர் அறிவர். பாரந்தூக்கிக்கும் இஃதே நேரும். நாளொன்றுக்கு 300 பெட்டகம், ஆண்டுக்கு 300 நாள் எனக் கொள்ளின், 20 ஆண்டுகளில் 18 இலட்சம் முறை அதன் உத்தரம் வளைந்து நிமிரும். ஒவ்வொரு முறையும் தாங்கத்தக்க சுமையே எனினும், பற்றவைத்த மூட்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி மெல்ல வளரக்கூடும். ஆதலால் மூட்டுகளில் வலிமை திடீரென மாறாதபடி வகுத்தலும், காலந்தோறும் வெடிப்பைத் தேடிப் பார்த்தலும் இன்றியமையாதன.

மிதக்கும் பாரந்தூக்கி

கப்பல் கரையை அணுக முடியாதவிடத்துத் தூக்கியே கப்பலை அணுகவேண்டும். ஹாங்காங் துறையில் நடுநீரில் நிற்கும் கப்பல்களினின்று மிதவைத் தூக்கிகள் பெட்டகங்களை இறக்கும் வழக்கம் உண்டு. தூத்துக்குடித் தோணிகள் செய்த தொண்டின் வேறொரு வடிவம் இஃது எனலாம்.

ஆயின் மிதவைத் தூக்கிக்குக் காலூன்ற நிலமில்லை, நீரே நிலம். பக்கத்திற் சுமை தொங்கினால் மிதவை சாயும். சாயுந்தோறும் அமிழ்ந்த பக்கம் மிக்க நீரை விலக்கி, அதனை நிமிர்த்த முயலும். நீரின் மேலுதைப்புச் செல்லும் கோடு, சாயாத காலத்து நடுக்கோட்டை வெட்டும் புள்ளியைக் கப்பல் நூலார் 'மெட்டாசென்டர்' என்பர். ஈர்ப்பு மையம் அப்புள்ளிக்குக் கீழே இருக்குமளவும் மிதவை நிமிரும். மேலே சென்றால் கவிழும்.

4,000 டன் எடையுள்ள மிதவையில் இவ்விரு புள்ளிகளுக்கும் இடைவெளி 10 மீட்டர் என்போம். 100 டன் சுமை 30 மீட்டர் பக்கவாட்டில் தொங்கின், மிதவை நான்கு பாகைக்குச் சற்று மேலே சாயும். சாய்வால் உத்தரத்தின் முனை மேலும் வெளியே செல்லும். திருப்புதிறன் மேலும் வளரும். இன்னும் நுட்பமான ஒன்றுண்டு. தளத்திற் கிடந்த சுமையை ஒரு விரற்கடை உயர்த்திய கணத்திலேயே, அதன் எடை உத்தர முனையில் வைத்தாற்போலாகிவிடும். எத்துணைத் தாழ்வாகத் தொங்கினும் வேற்றுமையில்லை. கண் காண்பது ஒன்று. மிதவை உணர்வது வேறொன்று. மறுபுறத் தொட்டிகளுக்கு நீரை மாற்றுவதும் மிதவையை அகலமாக்குவதும் இதற்கு மருந்து. அமிழும் ஆழம் மாறாதிருக்க அகலம் இருமடங்கானால், மிதப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் நிற்கும் உயரம் நான்கு மடங்காகும். இத்தத்துவத்தின் துணையாலேயே, 2019-இல் பணியேற்ற 'ஸ்லீப்நிர்' என்னும் மிதவை, 10,000 டன் தூக்கவல்ல இரண்டு தூக்கிகளைச் சுமந்து கடலில் நிற்கின்றது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2023 அக்டோபரில் சீனத்தினின்று நிமிர்ந்தபடியே கப்பலில் வந்து சேர்ந்த பாரந்தூக்கிகளும் இதே கணக்கின் துணையாற் கடல் கடந்தனவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாரந்தூக்கியின் பெருமை தூக்குவதில் அன்று, சாயாது நிற்பதில் உளது என்பது பெறப்படும். தூக்குதற்கு ஒரு பொறியும் வடமும் போதும். நிற்பதற்கோ தன் எடையையும், இனி வரும் காற்றையும், பல்லாண்டுக் களைப்பையும் முன்னரே எண்ணிப் பார்த்த அறிவு வேண்டும்.

அவ்வறிவு தவறுமிடத்து இழப்பது இரும்பு மட்டுமன்று. 2020 ஆகஸ்டு முதல் நாள், விசாகப்பட்டினத்துக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பெரும் பாரந்தூக்கி சுமைச் சோதனையின்போதே சரிந்து, தொழிலாளர் பலர் மாண்டனர். தூக்கியின் நிழலில் எப்பொழுதும் மனிதர் நிற்கின்றனர் என்பதை வரைபடம் வரைவோர் மறவாதிருத்தல் வேண்டும்.

நம் மாணவருட் சிலர் பொறியியல் பயிலச் செல்வர். பலர் பனியன் தொழிலிலேயே நிலைபெறுவர். இருசாரார்க்கும் இப்பாடம் ஒன்றே. ஆணை வந்து குவியும் நற்காலத்தில் மிகுதியாகத் தூக்குதல் யாவர்க்கும் எளிது. புயலடிக்கும் நாளில் நிற்பதற்கு வேண்டும் எதிர்பாரத்தை, காற்று அமைதியாயிருக்கும் நாளிலேயே அமைத்துக்கொள்வோமாக.