அப்பத்தா முகத்தை வரையப் போகிறவளுக்கு

தாயி, முதல் நீர்வண்ண உருவப்படத்துக்கு உன் அப்பத்தாவைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். தூரிகையைத் தொடுமுன் சில வார்த்தை.

1. முதலில் வெறுங்கையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார். பேச்சுக் கொடு. விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறி, ஏலக்காய் எடுக்கப் போன காலத்தைக் கேள். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரடியில், தரையோடு ஓடும் சரத்தில். பொழுதெல்லாம் குனிந்தே எடுத்தவள் அவள். அந்தக் குனிவு இன்னும் அவள் கழுத்திலும் தோளிலும் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்கு அந்தக் கழுத்தை நிமிர்த்தி வரைய மனசு வராது.

2. "அசையாம இரு அப்பத்தா" என்று சொல்லாதே. உழைத்த உடம்பு சும்மா உட்கார்ந்தால் விறைத்துப்போகும். சுளகில் காய் பொறுக்கட்டும். கை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். தலையும் அதே சாய்வுக்கு வரும். அந்தச் சாய்வைப் பிடி. காலையிலேயே உட்கார்ந்துவிடு. மேற்கே மலை நிற்கிற ஊர் நம் போடி, வெயில் சீக்கிரம் இறங்கிவிடும்.

3. அவளை வெளுப்பாக்காதே. உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். வீட்டிலேயே கேட்பார்கள், "கொஞ்சம் கலராப் போடேன்" என்று. இணங்காதே. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் இளையராஜா நம் பெண்களின் கருநிறத்தை அப்படியே வரைந்தார். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவருடைய படங்களைத் தேடிப் பார். கரிய கன்னத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று தெரியும். பர்ன்ட் சியன்னாவோடு கொஞ்சம் அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்து நிழலைப் போடு. கருப்பு டியூபைத் திறந்தால் முகம் செத்துவிடும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் ஒளிக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவை. முதலிலேயே விடாத வெள்ளையைப் பிறகு கொண்டுவருவது பெரும்பாடு.

4. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் போடியில் பூசிய கையோடு காய்ந்துவிடும்; மேலே மெட்டில் மஞ்சு இறங்கினால் ஈரம் போகவே போகாது. ஈரத்தின் மேல் அடுத்த பூச்சை வைத்தால் கன்னம் சேறாகும். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் எழுந்துபோய்க் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றிவிட்டு வருவார். அவருடைய படங்களின் தெளிவுக்கு அந்த நடைதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

5. தாள் மட்டும் நல்லதாக வாங்கு, 300 ஜிஎஸ்எம். மற்றதில் சிக்கனம் பார்.

6. சுருக்கம் எல்லாவற்றையும் எண்ணி எண்ணிப் போடாதே. கண்ணோரம் இரண்டு, வாயோரம் ஒன்று போதும்.

7. முடிந்ததும் ஊருக்கெல்லாம் போனில் அனுப்புமுன் அவளிடம் காட்டு. "நானா இது?" என்பாள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் இரு. பிடிக்கவில்லை என்றாலும் மனசு கோணாதே. மறுநாளும் சுளகோடு உட்காரச் சொல்லி இன்னொரு தாளை எடு. படத்தின் கீழே "அப்பத்தா" என்று எழுதி நிறுத்தாமல், அவள் பெயரை முழுசாக எழுது, தாயி.