மலையக வீதியில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டரும் ஒயிலும்

மாஸ்டர் சிலிண்டர் என்பது சாரதியின் கால் கொடுக்கும் அழுத்தத்தை ஒயிலின் வழியாக நான்கு சில்லுகளுக்கும் கொண்டுபோகும் பம்ப். பெடலை மிதிக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு பிஸ்டன்களும் முன்னால் நகர்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ‘கப்’ எனப்படும் றப்பர் ஒன்று உண்டு. அதன் மெல்லிய உதடு சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்வதால்தான் ஒயில் பின்னால் தப்பாமல் குழாய்க்குள் போகிறது. ஒரு பக்கத்துக் குழாய் வெடித்தாலும் மறுபக்கம் இரண்டு சில்லுகளையாவது பிடிக்க வேண்டும் என்பதற்காகவே பிஸ்டன் இரண்டாக வைக்கப்பட்டிருக்கிறது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மொறிஸ் மைனர் கார்களில் இந்த ஏற்பாடு கிடையாது. அவற்றில் ஒரே பிஸ்டன்தான். அதுவும் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருக்கிறது. அத்தகைய கார் வைத்திருப்பவர் இந்த விடயத்தில் மற்றவர்களைவிட இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

சமவெளியில் பிரேக்கின் வேலை வண்டியை நிறுத்துவது. மலையகத்தில் அது இறக்கம் முடியும்வரை வேகத்தைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலும் ஹட்டன் 1271 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. ஹட்டனிலிருந்து ஏ7 வீதியில் வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் 1000 மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள ஒரு கார் 1000 மீற்றர் கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 35 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரை இறக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வருபவரின் வண்டியில் மிச்சமெல்லாம் டிஸ்க்கிலும் ட்ரம்மிலும் சூடாகச் சேர்கிறது. பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறக்குபவர் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறார். மிதிக்கு உதவி செய்யும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும்.

2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். பெரிய பஸ்களில் இருப்பது காற்று பிரேக். கார், வேன், ஓட்டோ ஆகியவற்றின் ஒயில் பிரேக் வேறு வகை. ஆனால் சரிவு எல்லா வாகனங்களுக்கும் ஒன்றுதான். அதில் பிறக்கும் சூட்டின் கணக்கும் ஒன்றுதான்.

பிரேக் ஒயில், எஞ்சின் ஒயில் இனத்தைச் சேர்ந்ததல்ல. கிளைக்கோல் ஈதர் வகை இரசாயனமான அது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாங்கி மூடியின் காற்றுத் துளை வழியாகவும், சில்லுகளுக்குப் போகும் றப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் நீராவி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு விழலாம். டொட் 4 ஒயிலில் அதே எண்கள் 230, 155. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் அவையும் சேர்த்தி. மழை விட்டால் பனிமூட்டம். ஈரத்தை இழுக்கும் ஒரு திரவத்துக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடைப்பது அரிது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் உற்பத்தியாளர்கள் பலர். மலையகத்தில் ஓடும் வண்டிக்கு ஒரு வருடமே சரியான கணக்கு.

கொதித்த ஒயில் ஆவியாகிறது. ஆவி அழுத்தத்துக்குச் சுருங்கும், பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. பெரும்பாலும் இது ஓடும்போதே நடப்பதில்லை என்பதைச் சாரதிகள் அறிந்திருக்க வேண்டும். இறக்கத்தில் வரும்போது எதிர்க்காற்று கலிப்பரை ஓரளவு குளிர்விக்கிறது. இறக்கம் முடிந்து தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தும்போது அந்தக் காற்று நின்றுவிடும். டிஸ்க்கில் தேங்கிய சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஒயிலுக்கும் ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் புறப்படும்போது பெடல் பஞ்சாகிக் கிடக்கும். இன்னும் அரை மணி நேரம் நின்றால் ஆவி மீண்டும் திரவமாகி எல்லாம் வழமைக்குத் திரும்பிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் குறை எதுவும் தென்படாது. இப்படி ஒருமுறை நடந்த வண்டிக்கு, காரணம் தெரியவில்லை என்று சொல்லி ஓடவிடாமல், முதலில் ஒயிலை மாற்ற வேண்டும்.

தண்ணீர் செய்யும் இரண்டாவது கேடு மெதுவானது. அது சிலிண்டரின் உள்சுவரை அரிக்கிறது. கப்பின் உதடு தினமும் உரசும் பகுதி பளபளப்பாகவே இருக்கும். அதற்கு அப்பால், பெடல் வழமையாக எட்டாத ஆழத்தில், கறையும் சிறு குழிகளும் சேரும். ஒயில் மாற்றுவதற்காகப் பெடலைத் தரைவரை அழுத்தும் நாளில் உதடு முதல்முறையாக அந்தக் குழிகளின் மேல் ஓடிக் கிழிகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஒயில் மாற்றிய மறுநாள் போய்விட்டது என்ற முறைப்பாட்டின் பின்னணி பெரும்பாலும் இதுதான். பழைய சிலிண்டரோடு ஒயில் மட்டும் மாற்றும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்தால் பிஸ்டன் அந்த ஆழத்துக்குப் போகாது.

சிலிண்டர் தேய்ந்துவிட்டதா என்பதைப் பெடலே சொல்லிவிடும். எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போனால், டாங்கியில் ஒயில் குறையாதபோதும், உள்ளே கப்பைத் தாண்டி ஒயில் கசிகிறது என்று பொருள். பலமாக மிதித்தால் உதடு விரிந்து சுவரை இறுக்கிக்கொள்ளும். அதனால் குறை மறைந்துவிடும். மெல்லிய அழுத்தத்தில்தான் அது வெளிப்படும். ஏற்றத்தில் வாகன வரிசையில் நிற்கும்போது கால் தானாகக் கீழே போவதுபோல் இருப்பது இதன் முதல் அறிகுறி. டாங்கியில் ஒயில் குறைகிறது, சில்லுகளில் ஈரம் இல்லை என்றால், பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். பின் கப் கசிந்தால் அந்த இணைப்புக்குக் கீழே பூஸ்டரின் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கும். மிதிக்க மிதிக்க உயர்ந்துவரும் பெடல் என்றால் குழாயில் காற்று. தாழ்வாக இருந்தாலும் கெட்டியாகப் பிடிக்கும் பெடல் என்றால் பின்சில்லு ட்ரம்மில் ‘ஷூ’ தள்ளி நிற்கிறது. அதற்குச் சிலிண்டர் வாங்குவது வீண் செலவு.

கொழும்பிலிருந்து வருபவர்களுக்குப் பெடல் நுவரெலியாவில் சற்றுக் கடினமாகத் தோன்றலாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 வீதம் குறைவு. பூஸ்டர் அந்த அழுத்தத்தைக் கொண்டே உதவி செய்வதால் உதவியும் குறைகிறது. அது கோளாறு அல்ல.

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டியவர்கள் ஏராளம். அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி எடுத்த பழைய சிலிண்டரும் தனி றப்பர் கிட்டும் வாங்கிப் போடும் பழக்கம் வலுவாக இருக்கிறது. சுவர் கண்ணாடிபோல் இருந்தால் மட்டுமே கிட் போடலாம். விரல் நகத்தால் தடவும்போது எங்காவது தட்டினால், புதிய கப் சில மாதங்களில் பழைய கப்பின் வழியே போகும். இறக்கத்தில் வாழ்பவர்கள் முழுச் சிலிண்டரைப் புதிதாக வாங்குவதே நல்லது. இந்த ஒரு பாகத்தில் சிக்கனம் பார்ப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

வேலையை மழையில்லாத நாளில், சமதரையில், சில்லுகளுக்குக் கட்டை வைத்துத் தொடங்க வேண்டும். டாங்கியிலுள்ள பழைய ஒயிலை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிண்டருக்குக் கீழே துணி விரிக்க வேண்டும். பிரேக் ஒயில் பட்டால் பெயின்ட் கழன்றுவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய் நட்டுகள் பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் 10 மில்லிமீற்றர். சாதாரண வாய் ஸ்பேனர் அவற்றின் முனைகளை உருட்டிவிடும். நட்டை ஐந்து பக்கமும் பிடிக்கும் குழாய் ஸ்பேனரே வேண்டும். மலையக ஈரத்தில் நட்டு குழாயோடு துருப்பிடித்துச் சேர்ந்திருப்பது வழமை. நட்டைத் திருப்பும்போது குழாயும் சேர்ந்து முறுகினால் அங்கேயே நிறுத்தி, துரு கழற்றும் ஒயில் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். அவசரப்படுபவர் சிலிண்டரோடு ஒரு குழாயும் வாங்க நேரும்.

புதிய சிலிண்டரை வண்டியில் பூட்டுமுன் அதன் காற்றை வெளியேற்றுவது இந்த வேலையின் மையம். மேசையில் வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு வாய்களிலும் சிறு குழாய் மாட்டி, மறுமுனைகளை டாங்கி ஒயிலுக்குள் அமிழ்த்தி, பிஸ்டனை ஒரு மரக்குச்சியால் மெதுவாக அழுத்தி விட வேண்டும். முதலில் பெரிய குமிழிகள் வரும். பிறகு மணல்போன்ற சிறு குமிழிகள் வரும். அவையும் நின்று, பிஸ்டன் கொஞ்சமும் நகர மறுக்கும் கட்டத்தில்தான் வேலை முடிந்தது. இதைத் தவிர்த்துவிட்டுச் சில்லுகளில் மணிக்கணக்காகக் காற்று எடுப்பவர்கள் உண்டு. சிலிண்டரின் தலைப்பக்கம் மேல்நோக்கிச் சரிந்திருக்கும் வண்டிகளில் அந்தக் காற்று சில்லுப் பக்கம் போகாது.

பூட்டும்போது பூஸ்டரின் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். கோல் நீண்டுவிட்டால் கப் தன் பழைய இடத்துக்குத் திரும்பாது. அழுத்தம் டாங்கிக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருக்கும். சில கிலோமீற்றர் ஓடியதும் ஒயில் சூடேறி விரிந்து, மிதிக்காமலே பிரேக் இறுகத் தொடங்கும், சில்லு சூடேறும், ஒயில் இன்னும் விரியும். அப்படி இறுகிய நேரத்தில் சிலிண்டரைப் பிடிக்கும் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்தியதும் சில்லு விடுபட்டால் குறை கோலின் நீளத்தில்தான். புதிய சிலிண்டரின் குழி ஆழத்தைப் பழையதோடு அளந்து பார்த்துவிட்டுப் பூட்டினால் இந்தச் சிக்கல் வராது.

சிலிண்டரை மாற்றிவிட்டுப் பழைய ஒயிலைக் குழாய்களில் விட்டுவைப்பது அரை வேலை. கொதிக்கும் ஒயில் கலிப்பரில் இருக்கிறதே தவிர சிலிண்டரில் அல்ல. முதலில் பின்சில்லு ‘ஷூ’ இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, முத்திரை உடைக்காத போத்தலைத் திறக்க வேண்டும். மாதக்கணக்காகத் திறந்து கிடந்த அரைப் போத்தலில் இருப்பது ஏற்கெனவே ஈரம் குடித்த ஒயில். சிறிய காருக்கு ஒரு லீற்றர் போதும். வலப்பக்கச் சாரதி இருக்கை உள்ள வண்டியில் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இடது பின்சில்லு. பொதுவாக அங்கே தொடங்கி, வலது பின்சில்லு, இடது முன்சில்லு, வலது முன்சில்லு என்று வர வேண்டும். குறுக்குக் குழாய் அமைப்புள்ள கார்களில் இந்த ஒழுங்கு மாறும் என்பதால் அந்தந்தக் காரின் கைந்நூலே முடிவு.

ப்ளீடர் நிப்பிளில் ஊடுதெரியும் குழாயை மாட்டி, மறுமுனையைப் புதிய ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்திவிட்டு, ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நிப்பிள் மூடப்பட்டதைக் கேட்ட பின்புதான் காலை எடுக்க வேண்டும். பழைய ஒயில் தேயிலைச் சாயம்போல் வரும். நிறம் தெளிந்து, குமிழி நின்றதும் அடுத்த சில்லு. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டாங்கியைப் பார்த்து நிரப்ப வேண்டும். ஒருமுறை அது வற்றினால் எல்லாம் ஆரம்பத்திலிருந்து.

பாரத்துக்கேற்ப பின்பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வேன்களில், பின்சில்லுகள் தொங்கும்படி ஜெக் போட்டால் அந்த வால்வு வழியை மறிக்கும். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் புகுந்தால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கடினம். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களின் பிரேக் பம்ப் மின்சாரத்தில் தானே இயங்கக்கூடியது. அவற்றை வீட்டு முற்றத்தில் திறக்கவே கூடாது.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த கடதாசியால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் கிரகரி வாவிக் கரை போன்ற சமவீதியில், மெதுவான வேகத்தில், பலமுறை நிறுத்திப் பார்க்கும் ஓட்டமாக இருக்கட்டும். அதன் பின்பே, இரண்டாம் கியரில், சிறிய இறக்கம். மறுநாள் காலையில் டாங்கியின் அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.

வடித்த ஒயில் தண்ணீரோடு எளிதில் கலந்துவிடும். கானில் ஊற்றினால் அது ஓடைக்குப் போய், கீழ் லயத்தின் பீலிக்கும் போகலாம். மூடிய போத்தலில், எஞ்சின் ஒயிலோடு கலக்காமல், கழிவெடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். மேற்குச் சரிவில் இந்த வேலைக்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. காற்று உலர்ந்திருக்கும், ஏப்ரல் பருவத்தில் வரும் கூட்டத்தோடும் பாரத்தோடும் இறங்க வேண்டிய வண்டிக்கு அதற்குள் புதிய ஒயில் கிடைத்திருக்கும்.